வளையல் கடையை மறைத்த முதுகு

என் மேசைக்கு எதிரே ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறேன். அலமாரிக் கதவைத் திறந்தால் அதில் இடிக்கும். கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள் என்று மனைவி சொல்லாத நாளில்லை. படத்தில் முக்கால்வாசி ஒரு முதுகுதான்: நீலக் கட்டம்போட்ட சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. மிச்சமிருக்கும் ஓரத்தில் ஒரு வளையல் கடை தெரியும்.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போட்டிருந்த கடைவீதி அது. தென்காசி போகிற வழியில் படமெடுக்கவே இறங்கியிருந்தேன். கேமரா கைக்கு வந்துவிட்டால் அப்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. குறுக்கே வருகிறவர்கள் எல்லோரும் இடைஞ்சல். விளக்கு போட்ட நேரம், வளையல் கடை அக்கா ஒரு புதுப்பெண்ணின் கையை அமுக்கிப் பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார். ஷட்டரை அழுத்தும்போது இந்த முதுகு மறைத்தது. "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். எரிந்துதான் விழுந்தேன். அவர் திரும்பிக் கேமராவைப் பார்த்தார், தலையாட்டினார், தள்ளிப் போனார். நான் அப்படியே தெருப் பக்கம் திரும்பி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது, அக்கா கடையை விட்டு இறங்கி ஓடி வந்தார். "எங்கப்பாவப் பாத்தீயளா சார்? நீலச் சட்டை. இங்கனதான நின்னாவ! மறதி சார், வீட்டுக்கு வழி தெரியாது. யாரு என்ன சொன்னாலும் அப்படியே செய்வாவ. நகரக் கூடாதுன்னு சொல்லி நிறுத்தியிருந்தேன்."

அவரைத் தள்ளச் சொன்னது நான்தான் என்பதை மறைத்தேன். கேமராவை நீட்டி, "இதுல தேடுவோம்க்கா" என்றேன். கூட்டம் இடிக்க இடிக்க ஒவ்வொரு படமாகப் பார்த்தோம். முதலில் முதுகு. அடுத்ததில் பக்கத்துக் கடையோரம் நின்றார். அதற்கடுத்ததில் பஞ்சுமிட்டாய்க்காரருக்குப் பின்னால். முதல் படத்துக்குப் பிறகு எல்லாவற்றிலும் அவர் முகம் எங்களைப் பார்த்தே இருந்தது.

"ஏன் உங்களையே பாக்காவ?" என்றார் அக்கா. நான் அடுத்த படத்துக்கு நகர்த்தினேன். அதில் வெகு தூரத்தில், பஸ்கள் திரும்பும் முக்கில், சிவப்புத் துண்டு ஒரு பொட்டாகத் தெரிந்தது. அக்கா ஓடினார். நானும் ஓடினேன்.

கடைகள் முடிந்து ரோட்டின் விளிம்பில் அவர் எங்கள் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்து ரோட்டில் இறங்கும்போது பஸ்ஸின் ஹாரன் அலறியது. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் மண்ணில் விழுந்தார்கள். பஸ் உரசினாற்போல் போனது.

"இங்கன ஏம்ப்பா வந்தீய?" என்று அக்கா அழுதார். பெரியவர் மகளைப் பார்க்கவில்லை. என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"இன்னும் தள்ளணுமா தம்பி?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாவின் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கக்கூடத் துப்பில்லாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இன்று காலையும் அலமாரிக் கதவு படத்தில் இடித்தது. கொஞ்சம் தள்ளி மாட்டினால் என்ன என்றாள் மனைவி. அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.