புன்டா கானாவுக்கு எத்தனை பேர்

நவம்பர் பிறந்தால் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிற கியூபெக்காரிகளுக்கு வேறு கதையே கிடையாது. மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "இந்த முறை தெற்கே எங்கே?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பார்கள். மொன்றியலில் தெற்கு என்பது திசை அல்ல. கரீபியன் கடற்கரையில் ஒரு கிழமை. ஹோட்டலில் கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள், பிறகு காசு கேட்காமல் வேண்டியதைச் சாப்பிடலாம், குடிக்கலாம், புருசனோடு மணலில் கிடக்கலாம். என்னிடமும் கேட்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். போன நவம்பரில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே இவரிடம் சொல்லிவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, மாசியில புன்டா கானாவுக்குப் போவம். நீங்களும் நானும்."

"ஓம், போவமே," என்றார் இவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இவ்வளவு லேசாக ஓம் சொல்லுகிற மனிதர் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு ஏன் அந்த அந்தரம் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பிறந்தபோது கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், இடம் கிடைக்கவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதனால் இவர் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை எடுத்தார், நான் பகல் வேலை. எங்கள் குடும்பம் வீட்டு வாசலில்தான் நடந்தது. "சின்னவனுக்குக் காய்ச்சல், மருந்து மேசையில." "கறியைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ." இதுதான் கதை. பிள்ளைகள் வளர்ந்தார்கள், இவருடைய இரவு வேலை மட்டும் மாறவில்லை. போன கோடையில்தான் பகலுக்கு மாறினார். மூத்தவள் வேலை கிடைத்து முன்பே வெளியூர் போய்விட்டாள். செப்டெம்பரில் சின்னவனும் படிக்க ஒட்டாவாவுக்குப் போய்விட்டான்.

பிறகு மொன்றியலின் வடக்குக் கரையில், அஹுன்ட்சிக்கில், அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பின்னேரங்களில் இவர் தொலைக்காட்சி பார்ப்பார். நான் கழுவின சட்டியையே திரும்பக் கழுவுவேன், அலுமாரியைத் திறந்து மூடுவேன், யன்னலடிக்குப் போய்விட்டு வருவேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வாடகைக்கு வந்த ஒருவரோடு இருப்பதுபோல இருந்தது. இந்த மனிதர் யார், இவருக்கு நான் யார் என்று ஒரு கிழமையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. இந்த வயதில் இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்தான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அதுதான், கடல் இல்லை.

நான் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையே இவர் கோயிலில் வைத்துத் தன் தமையனுக்குச் சொல்லிப்போட்டார். தமையன் குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவாலில். "நாங்களும் வாறம்" என்றார்கள். தமையன் மனைவியின் தங்கச்சி குடும்பமும் வருமாம். களஞ்சியத்துச் சிநேகிதர் ஒருவர், அவர் மனைவி, மாமியார். கைபேசியில் ஒரு குறூப் தொடங்கினார்கள். வேலை இடைவேளையில் அதைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ரைஸ் குக்கர் ஆர் கொண்டு வாறது?"

"ரூமில சமைக்க விடுவாங்களோ?"

"மிளகாய்த்தூளை உடுப்புக்குள்ள சுத்தி வையுங்கோ."

"எல்லாருக்கும் பக்கத்தில பக்கத்தில ரூம் எடுக்கச் சொல்லுங்கோ, இரவில கூடியிருந்து கதைக்கலாம்."

"ஏன் அவைக்குச் சொன்னனீங்கள்?" என்று இவரைக் கேட்டேன்.

"அண்ணைக்குச் சொல்லாமல் எப்பிடிப் போறது? கோவிப்பார்."

"கடல் பார்க்கத்தானே போறம், பொம்பிளை பார்க்கவோ? அதுக்குமா ஊரைக் கூட்டிக்கொண்டு போறது?"

இவர் ரிமோட்டைத் தேடினார். எத்தனை பேர் என்று முடிவாகச் சொல்லுங்கள் என்று டிக்கெட் போடுகிற தம்பி தினமும் அழைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் ஆள் கூடியது.

எனக்கு விசர் பிடித்தது. ஒருநாள் தமையனின் மனைவியை அழைத்து ஒரு பொய்யை எடுத்து விட்டேன். "அக்கா, இவருக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுதாம். டொக்டர் பிளேனில போக வேண்டாமெண்டிட்டார். நீங்கள் எல்லாரும் சந்தோசமாப் போட்டு வாங்கோ." அவர்கள் ஒரு கிழமை போகட்டும், நாங்கள் சத்தமில்லாமல் இன்னொரு கிழமை போகலாம். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நெஞ்சு என்ற சொல்லை எங்கள் ஆட்களிடம் விடலாமா? அன்று பின்னேரமே லவால் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் நின்றது. முந்திரிகைப்பழம், சத்துமா டின், ஒரு சட்டி நிறைய இரசம், கோயிலில் அர்ச்சனை செய்த திருநீறு. இவரோ சாரத்தைக் கட்டிக்கொண்டு மிக்சர் கொறித்தபடி ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. தமையன் உள்ளே வந்ததுமே இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, உனக்கு என்னடா? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மெல்ல மிக்சரை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார், அதுவும் வலப்பக்கத்தில். "இப்ப பரவாயில்லை அண்ணை," என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உப்பில்லாத அந்த இரசத்தைக் கோப்பை கோப்பையாகக் குடித்தார்.

போகும்போது தமையன் சொன்னதுதான் இடி. "நீ இல்லாமல் நாங்கள் மட்டும் போறதோ? உனக்குச் சுகம் வரட்டும். பேந்து எல்லாரும் ஒண்டாப் போவம்."

கதவு சாத்தியதும் இவர் என் பக்கம் திரும்பினார். "உமக்கு என்ன, விசரே?"

"ஓம், விசர்தான்! நீங்களும் நானும் மட்டும் போக ஆசைப்பட்டன். அது பெரிய பிழையோ? ஏன் எல்லாரையும் கூப்பிட்டனீங்கள்?" கத்திவிட்டேன். கண்ணீரும் வந்துவிட்டது, சனியன்.

இவர் கதிரையில் இருந்தார். ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, "ஒரு கிழமை முழுக்க நாங்கள் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். "எனக்குப் பயமாக் கிடக்கு."

ஏசலாம் என்றால், எனக்கும் அதே பயம்தான். பயத்தில் நான் இவரை இழுத்தேன், பயத்தில் இவர் ஆள் சேர்த்தார். அன்று சாப்பிட்ட கோப்பைகளை இரண்டு பேருமாகக் கழுவினோம்.

அடுத்த ஞாயிறு நான்தான் சொன்னேன், சும்மா ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருவோம் என்று. வெளிக்கிட்டோம். ஆற்றோரம் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. சின்னவனைப் பற்றிக் கதைத்தோம். மூத்தவளின் வேலையைப் பற்றிக் கதைத்தோம். கரையில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த முதல் வாங்கடிக்கு வருவதற்குள் இரண்டும் முடிந்துவிட்டன. ஐயோ, புன்டா கானாவில் முதல் நாள் காலைச் சாப்பாட்டோடு எங்களுக்குக் கதை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். திரும்பிப் போவோமா என்று வாயெடுக்கப் போனேன்.

வீதியில் ஒரு பஸ் போனது. இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர் வேலைக்குப் போற பஸ் வாற வரைக்கும் நான் யன்னலில நிக்கிறனான்," என்றார்.

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும்தான். சின்னவனைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிப்பன். குளிருக்க நீர் காலை மாத்தி மாத்தித் தூக்குவீர். பஸ் பிந்தினா எனக்கு ஆத்திரம் வரும், டிரைவரை யாழ்ப்பாணத்துத் தமிழில ஏசுவன். நீர் ஏறினாப் பிறகுதான் சப்பாத்தைக் கழட்டுறனான்."

இத்தனை வருடம் அந்த பஸ் தரிப்பில் நான் தனியாக நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யன்னலை ஒருநாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இதை ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"எப்ப சொல்றது?" என்றார். "நீர் வர நான் போயிடுவன்."

வாங்கில் பனியைத் தட்டிவிட்டு இருந்தேன். இவரும் பக்கத்தில் இருந்தார். கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுத்தார். டிக்கெட் தம்பிக்காக்கும் என்று பார்த்தால், தமையனுக்கு.

"அண்ணை, நாங்கள் மாசியில போறம். நானும் இவவும் மட்டும்."

அந்தப் பக்கம் தமையன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நெஞ்சு என்னாச்சு என்று கேட்டார்.

"நெஞ்சுக்கு ஒண்டுமில்லை அண்ணை. அது பொய்."

"அப்ப ஏனடா எங்களை விட்டிட்டுப் போறாய்?"

இவர் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "கோவிக்காதேங்கோ அண்ணை," என்றார். "எங்களுக்குக் கனக்கக் கதைக்கக் கிடக்கு."