சாட்சி கேட்காத புதன்கிழமைகள்

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஜெபகனிக்கு வாய் சும்மா இருக்காது. சர்ச்சில் பாட்டை எடுத்துக்கொடுப்பதும் அவள்தான், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல ஆளைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்துவதும் அவள்தான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நத்தானியேலையும் நிறுத்தினாள்.

தோல் பதனிடும் டேனரியில் கழிவுத்தொட்டி சுத்தம் செய்யும்போது விஷவாயு தாக்கிப் பிழைத்தவன் அவன். அவனைத் தூக்க இறங்கிய, கூட வேலை செய்த சாமிநாதன் பிழைக்கவில்லை. "ஆண்டவர் உன்னைக் காப்பாத்துனதைச் சொல்லுப்பா," என்று ஜெபகனி மைக்கை நீட்டினாள். மைக்கை அவள் கையிலேயே திணித்துவிட்டு வெளியேறியவன், அப்புறம் சர்ச் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அவனை விரட்டியது தான்தான் என்று ஜெபகனிக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை வேலை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனாள். கதவை விரியத் திறந்து வைத்து, அதை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். கதவு மூடினால் இப்போதெல்லாம் அவனுக்கு மூச்சு முட்டுகிறது.

"மன்னிச்சிடு தம்பி. உன்னைக் கேக்காம கூப்ட்டுட்டேன்."

அவன் கேட்டான்: "என்னைக் காப்பாத்துனவரு சாமிநாதனை ஏன்க்கா விட்டாரு?"

இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன ஆறுதல்கள் அவள் நாக்கு நுனிக்கு வந்தன. விழுங்கிக்கொண்டாள்.

"தெரியலப்பா. ஜெபம் பண்ணட்டுமா?"

"வேணாங்க்கா."

"சரி, டீயாவது குடு."

அதன்பின் எல்லாப் புதன்கிழமையும் அதே "ஜெபம் பண்ணட்டுமா?", அதே "வேணாங்க்கா", அதே டீ. அவன் பேசினால் காது கொடுத்துக் கேட்டாள், பேசாவிட்டால் அவளும் சும்மா இருந்தாள். மனநல டாக்டரைப் பார்க்க அவனோடு வேலூருக்கு பஸ் ஏறினாள். ஜெபகனி வாய்மூடி இருப்பதே பெரிய அற்புதம் என்று சபையில் கேலி பேசினார்கள்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிறு, கடைசி பெஞ்சில், திறந்த கதவுக்குப் பக்கத்தில் நத்தானியேல் உட்கார்ந்திருந்தான். சாட்சி நேரம் வந்தது. ஜெபகனி மைக்கைத் தொடவில்லை, அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. அவனாகவே எழுந்தான்.

"சாமிநாதன் என் தோஸ்த். தொட்டியில நான் மயங்குனப்போ என்னை மேல தள்ளி உட்டவன். நம்ம சர்ச்சுக்கு ஒருநாள்கூட வந்ததில்ல. அவனை எனக்குக் குடுத்ததுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அதற்கு மேல் முடியாமல் அழுதான். எப்போதும் முதல் ஆளாக "ஆமென்" போடுகிற ஜெபகனி அன்று அதை மறந்தே எழுந்தாள். போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனசு முழுக்க நன்றி.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னாக்கா, ஜெபம் பண்ணட்டுமான்னு இன்னிக்குக் கேக்கலியா?"

"பண்ணட்டுமா?"

"பண்ணுங்கக்கா."