பதில் வராத பேர்

சினிமாவில் புரொடக்‌ஷன் மேனேஜர் என்றால், மற்றவர்கள் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் போய்க் கேட்டுவிட்டு வருபவன் என்று அர்த்தம். உங்கள் மொட்டை மாடியில் ஒரு சண்டை போட்டுக்கொள்ளட்டுமா, உங்கள் எருமையை ஒரு நாள் அனுப்புவீர்களா, உங்கள் பெண் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை இன்னும் ரெண்டு நாள் பிரிக்காமல் வைத்திருக்க முடியுமா, இப்படி. பெண் கேட்டுப் போனவர்கள், கைமாற்று கேட்டுப் போனவர்கள், பிள்ளைக்கு ஸ்கூல் சீட் கேட்டுப் போனவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்கு எப்போதாவது வரும். எனக்கு டிபன் படியோடு தினமும் வரும்.

பழவேற்காட்டில் நான் கேட்கப் போனதை நினைத்தால் இன்றைக்கும் புரள்கிறது.

பூஜை போடுவதற்குள்

ஒரு கார்த்திகை மாதம், பழவேற்காட்டை ஒட்டிய குப்பம் ஒன்றிலிருந்து கடலுக்குப் போன படகு காற்றில் கவிழ்ந்துவிட்டது. போனவர்கள் நாலு பேர். மூன்று பேரின் உடல் கரை ஒதுங்கியது. ஏழுமலை என்ற நாலாவது ஆள் மட்டும் கிடைக்கவே இல்லை. டீவிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். தை பிறந்ததும் எங்கள் தயாரிப்பாளர் அதைப் படமாக எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்.

இயக்குநர் சின்ன வயசு, நல்ல பிள்ளை. டீவியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நிஜமாகவே அழுது, அழுத கையோடு கதை எழுதியவர். நான்தான் நடுவில் புகுந்து, "சார், அந்த வீடுகளில் இன்னும் வருஷத் திதிகூட வரவில்லையே" என்றேன். தயாரிப்பாளர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "யோவ், நாம தள்ளிப் போட்டா வேற ஒருத்தன் பூஜை போட்டுடுவான். அப்புறம் நாம அவனைப் பாத்துக் காப்பி அடிச்ச மாதிரி ஆயிடும்."

நாலாவது வீடு

பொன்னேரியில் மின்சார ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஏரி கண்ணில் பட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. எங்கே ஏரி முடிகிறது, எங்கே கடல் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் ஒரே கூட்டமாக நின்றன. அத்தனை தண்ணீருக்கு முன்னால் நான் கேட்க வந்த விஷயம் ரொம்பச் சின்னதாகவும், கொஞ்சம் அசிங்கமாகவும் பட்டது.

கங்கையம்மன் கோயிலில் ஊர் கூடியிருந்தது. திட்டுவார்கள், அடித்தாலும் அடிப்பார்கள் என்று ஓரமாக நின்றே பேசினேன். யாரும் திட்டவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு, எங்கள் ஆட்கள் முகம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று சம்மதித்தார்கள். ஊர்த்தலைவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஏழுமலை வீட்டுக்கு நடந்தார்.

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலி. நான் கதையைச் சொன்னேன். படகு கிளம்பும் இடத்தோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அவர் கை நிற்காமல் உரித்தது. "எடுத்துக்கோங்கண்ணா. அவரு வந்தா அவரும் பாப்பாரு."

கேட்க ஆளில்லாத இடம்

இயக்குநருக்குப் பழவேற்காட்டில் இருக்கும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததும் காய்ச்சலே வந்துவிட்டது. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறது. உள்ளே பெரிய பெரிய கற்பலகைகள், புரியாத எழுத்தில் பேர்கள், கேடயங்கள், பூக்கள். கதாநாயகி இங்கே வந்து உட்கார்ந்து அழட்டும் என்றார். குப்பத்துப் பெண் டச்சுக்காரன் சமாதியில் எதற்கு சார் அழப் போகிறாள் என்று கேட்டேன். அது ஒரு மூட் என்றார். மூட் என்று சொல்லிவிட்டால் எங்கள் தொழிலில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

எங்கிருந்தோ கப்பலேறி வந்து, இந்த வெயிலில் துணி வியாபாரம் செய்து, காய்ச்சலில் செத்து, தங்கள் ஊர் எழுத்தைக் கல்லில் வெட்டி மேலே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நானும் குனிந்து ஒரு கல்லின் எழுத்தைத் தடவிப் பார்த்தேன். பிறகு தொழில் ஞாபகம் வந்து, இங்கே ஷூட்டிங்குக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று காவலாளியிடம் விசாரித்தேன். அவர் எங்கள் படம் எதைப் பற்றியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அதுக்கு இவங்களப் பத்தி எடுங்க சார். செத்து முந்நூறு வருஷம் ஆச்சி. அதுக்குள்ள எடுத்துட்டியேனு யாரும் சட்டையப் புடிக்க மாட்டாங்க."

வலை இறங்காத நாள்

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் வரும் இடங்களை அந்த ஊர்க்காரர்கள் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடத்தில் நீயும் நீ கூட்டிக்கொள்கிறவர்களும்தான் வலை கட்டலாம், மற்றவன் எட்டிப் பார்க்க மாட்டான். காலையில் தலைவர் கரையில் நின்று பேரைக் கூப்பிடுவார். அந்த வீட்டிலிருந்து ஒருவர் "இருக்கோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் தம்பி கொடுப்பான். ஆள் இறந்துபோனால், காரியம் முடிந்தபின் வீட்டில் யாராவது குரல் கொடுத்து அந்தப் பாட்டை ஏற்றுக்கொள்ளலாம். குரல் வராமல் வலை இறங்காது.

படகுக் காட்சிக்கு ஏரியில் ஒரு நாள் இடம் கேட்டேன். எல்லா நாளும் யாராவது ஒருவருடையது என்றார் தலைவர். பிறகு யோசித்துவிட்டு, ஒரு நாள் மட்டும் வலை இறங்காது, அன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேர் கூப்பிட்டு முடியும்வரை மிஷின் எதையும் தண்ணீரில் இறக்கக் கூடாது என்றார். சும்மா கிடக்கிற நாள் கிடைத்ததே என்று நான் குஷியாகிவிட்டேன்.

அன்று விடியற்காலை ஊரே கரைக்கு வந்து நின்றது. தலைவர் ஏரியைப் பார்த்து, "ஏழுமலை பாடு! ஏழுமலை வூட்ல யாரு?" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. குரல் கொடுத்தால் அண்ணன் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, ஏழுமலையின் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கன்னியம்மா நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் காத்திருந்து மறுபடியும் கூப்பிட்டார். தண்ணீர் மேல் இறால் துள்ளுவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. இறால் சீசனில், வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய மனிதர்கள், வலையைத் தோளில் போட்டபடி அப்படியே திரும்பி நடந்தார்கள். நான் ஆயிரம் பேரை வைத்துக் கூட்டக் காட்சி எடுத்தவன். சொல்லிக் கொடுக்காமல் ஒரு ஊர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கேமராமேன் எப்போது ஓட்ட ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

இவ்வளவு இறால் போகிறதே, யாராவது பிடித்து அந்த அம்மாவுக்கே கொடுக்கக் கூடாதா என்று தலைவரிடம் கேட்டேன். "குடுத்தா வாங்காது சார் அது. நாளைக்கே அவன் வந்து நின்னு என் பாடு இன்னாடா ஆச்சினு கேட்டா, நீ செத்துட்டனு நெனச்சி நாங்க தின்னுட்டோம்னா சொல்றது?"

எங்க சாவுறாரு?

ரெண்டு நாள் கழித்து, பாடு இல்லாத முகத்துவாரத்துப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் ஏழுமலை மூழ்கும் காட்சிக்கு ஏற்பாடு. மழை மிஷின், பெரிய காற்றாடி, கரையில் கம்பளியும் ஹார்லிக்ஸுமாக உதவியாளர்கள். கதாநாயகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். அப்போது இறால் கூடையை இடுப்பில் வைத்தபடி கன்னியம்மா வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. கதாநாயகனை மேலும் கீழும் பார்த்து, "அவரு இவ்ளோ செவப்பு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"இதுல அவரு எங்க சாவுறாரு?"

இயக்குநர் பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். "இங்கதாம்மா" என்றார். "நீ பாத்தியா தம்பி?" என்றார் கன்னியம்மா. காற்றாடியை யாரோ நிறுத்தினார்கள். கன்னியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "பாத்தவங்க யாருன்னா இருந்தா இட்டுனு வா. நானே தாலியக் கழட்டி வெச்சிட்டு ஒரு ஓரமா குந்தி அழுவுறேன். பாக்காம நீ எப்டி அவர சாவடிப்ப?"

பேரை மாத்தாதீங்க

அன்றோடு பேக்கப். மழை மிஷினை ஒரு சொட்டுகூடப் பெய்யாமல் லாரியில் ஏற்றினோம். மூழ்கும் காட்சியே வேண்டாம் என்று இயக்குநர் முடிவெடுத்துவிட்டார். படகு கிளம்புவதோடு ஏழுமலை கதை நின்றுவிடும், கடைசியில் அந்த விடியற்காலை பேர் கூப்பிட்டதை அப்படியே வைத்துவிடலாம் என்றார். தயாரிப்பாளருக்கு போனில் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. "ஹீரோவும் சாகல, வில்லனும் சாகல, அப்புறம் ஜனம் எதுக்குய்யா உள்ள வரணும், காத்து வாங்கவா?" என்றார். காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

படத்தில் மற்ற எல்லோர் பேரையும் மாற்றியிருந்தோம். தலைவர் கூப்பிட்ட இடத்தில் மட்டும் நிஜப் பேர் இருந்தது. அதை வேறு குரலில் மாற்றி ஒட்டட்டுமா என்று கேட்டு வர மறுபடியும் என்னையே அனுப்பினார்கள். மறுபடியும் அதே வாசலில் செருப்பைக் கழற்றினேன். கன்னியம்மா அதிகம் யோசிக்கவில்லை. "பேர மாத்தாதீங்க. மாத்துனா வேற யாரையோ கூப்புடற மாதிரி ஆவும்ல."

பொன்னேரி, மேட்னி

படம் வெளிவந்ததும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஈரம் காயவில்லை, அதற்குள் வியாபாரமா என்று எழுதினார்கள். எழுதியது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊர்க்காரர்களுக்குப் பொன்னேரித் தியேட்டரில் மேட்னிக்கு ஏற்பாடு செய்தேன். வேன் வைத்து வந்தார்கள். தலைவர் முன் வரிசையில், கன்னியம்மா நடுவில் பெண்களோடு. நான் படத்தைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அசையாமல் பார்த்தார். படகு கிளம்பியபோதும் அழவில்லை. கடைசிக் காட்சி வந்தது. திரை முழுக்க ஏரி. தலைவரின் குரல் தியேட்டர் நாலு சுவரிலும் மோதியது. "ஏழுமலை பாடு! ஏழுமலை வூட்ல யாரு?" பிறகு, நாங்கள் எடுத்தபடியே, நிசப்தம். பொன்னேரி ஜனங்கள் முறுக்குத் தின்பதை நிறுத்திவிட்டார்கள். திரையில் தலைவர் மறுபடியும் கூப்பிட்டார்.

"இருக்கோம்!"

கன்னியம்மா எழுந்து நின்றிருந்தார். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. முன் வரிசையில் தலைவர் எழுந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கரையில் நிற்கிற மாதிரியே நின்று, நிதானமாகச் சொன்னார்: "ஏழுமலை வூட்லருந்து கொரல் வந்துட்சி." அதன் பிறகுதான் கன்னியம்மா அழுதார். கூட வந்த பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்ன நடக்கிறதென்றே தெரியாத பொன்னேரிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நாங்கள் கேமரா வைத்து எடுக்கத் துணியாத ஒன்று, எங்கள் கண் முன்னால் தானாக நடந்துகொண்டிருந்தது.

வெளியே வேன் பக்கத்தில் கன்னியம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. முதல் தடவையாக நான் எதையும் கேட்கவில்லை, அவரே சொன்னார். "ஊர்ல பதில் இல்லன்னா அது எங்களுக்குள்ள. இங்க இத்தினி ஜனம் பாத்துனு இருக்குது, அவரு பேர கூப்டறாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கலன்னா நாதியத்த ஆளுனு நெனச்சிக்க மாட்டாங்களா? அதான்ணா, குடுத்துட்டேன்."

படம் அவசரப்பட்டு வந்துவிட்டது என்று பத்திரிகைகளும், அவசரப்பட்டும் ஓடவில்லையே என்று தயாரிப்பாளரும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சரியான நேரம் எதுவென்று தெரிந்த ஒரே ஆளான கன்னியம்மாவிடம் போய் அதைக் கேட்டுவிட்டு வர மட்டும், கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.