ஆறுபிடியார் கட்டிய கை

பட்டறையில் அவருக்கு ஆறுபிடியார் என்று பட்டப்பெயர். துளை போடும்போது இரும்புத் துண்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும் சட்டங்களைச் செய்வதுதான் அவர் வேலை. எந்தத் துண்டுக்கும் ஆறு அசைவு உண்டு. முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று நகர்வது மூன்று; அந்த மூன்று வாக்கிலும் சுழல்வது மூன்று. ஆறையும் பிடித்தால்தான் துளை நேராக விழும். ஒன்றைக் கோட்டை விட்டாலும் துண்டு குப்பைக்குத்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கோட்டை விட்டதில்லை. வீட்டில் நாற்காலி லேசாக ஆடினாலும் மனுஷனுக்குப் பொறுக்காது. காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார்.

அவர் மனைவி தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். ஒரு நாள் ஈர மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். டாக்டர் முழங்கைக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு போட்டார்.

"விரலை மட்டும் சும்மா வைக்காதீங்கம்மா. தினமும் மடக்கி நீட்டணும். நாலு வாரம் கழிச்சு வாங்க."

பக்கத்தில் நின்ற ஆறுபிடியாரும் பெரிதாகத் தலையாட்டினார்.

வீட்டில் அவள் விரலை மடக்கும்போதெல்லாம் வலியில் முனகினாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. விரல் ஆடினால் நரம்பு இழுக்கும், நரம்பு இழுத்தால் எலும்பு நகரும், ஒட்டுகிற இடம் கோணிப்போகும் என்று பட்டறைக் கணக்கு ஒன்று போட்டார். டாக்டருக்கு மருந்து தெரியும், அசைவைப் பற்றி என்ன தெரியும்? மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, பஞ்சு ஒட்டி, ஐந்து விரலுக்கும் தனித்தனி வார் வைத்துக் கொண்டுவந்தார். கட்டி முடித்ததும் ஒரு நகக்கண்கூட அசையவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள். "ஏங்க, விரலெல்லாம் மரத்த மாதிரி இருக்கு. கொஞ்சம் தளர்த்தி விடுறீங்களா?"

"வலிக்குதா?"

"வலி இல்ல."

"அப்புறம் என்ன? சும்மா இரு."

நாலு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, டாக்டர் சத்தம் போடுவார் என்று அவளே தகட்டைக் கழற்றச் சொல்லி அலமாரியில் வைத்துவிட்டாள். எலும்பு ஒழுங்காக ஒட்டியிருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா, ஆட்டவே இல்லையா?"

ஆறுபிடியார் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் முந்திக்கொண்டாள். "வலிக்குதேன்னு சோம்பலா இருந்துட்டேன் டாக்டர்."

டாக்டர் திட்டியதையெல்லாம் அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு இரண்டு மாதம் பயிற்சி. வெந்நீரில் கையை ஊறவைத்து, அவர்தான் ஒவ்வொரு விரலாக மடக்கிவிட வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவருக்கு அது அரித்தே தின்றது. மூன்று விரல் ஒருவழியாக வழிக்கு வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பாதியில் நின்றுவிட்டன. துணியை ஊசிக்கடியில் திருப்பிக் கொடுப்பது அந்த இரண்டும்தான். ஆலையில் அவளைக் காலர் மிஷினிலிருந்து எழுப்பி, சட்டை அடுக்கும் மேஜைக்கு அனுப்பினார்கள்.

கடைசியாகப் போனபோது டாக்டர், "இதுக்கு மேல மடங்காதும்மா. அப்பவே ஆட்டியிருந்தா..." என்று மறுபடி அவளையே பார்த்தார்.

"அவ மேல தப்பில்ல டாக்டர்" என்றார் ஆறுபிடியார். "நீங்க சொன்னதைக் காதால கேட்டுட்டு, நான்தான் விரலைத் தகட்டுல கட்டி வச்சேன்."

டாக்டர் மருந்துச் சீட்டை மடித்து அவளிடம் நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அவர் பொருமினார். "ஒரு தடவை கேட்டியே, இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? இடது கை சும்மாத்தானே இருந்துச்சு, நானே அவுத்திருக்கலாம்" என்றாள். "கல்யாணமான இத்தனை வருஷத்துல உங்க கையால எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதான். அவுக்க மனசு வரல."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பேருந்து வந்ததும் அவள்தான் சட்டையைப் பிடித்து அவரை எழுப்பினாள்.