ஏழாவது கணக்கின் மூன்று மதிப்பெண்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பென்சில் டீச்சர் என்று பேர். முதலில் பென்சிலால் திருத்துவாள்; இன்னொரு முறை பார்த்த பிறகுதான் மையைத் தொடுவாள். அப்பா மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய அன்று, கேட்டவர்களுக்கும் சொன்னார் அப்பா, கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னார்.

பன்னிரண்டு வருடமாக மூன்றாம் வகுப்பு அவளுக்கு. ஆண்டுத் தேர்வு வந்தால் கூடுதலாக ஒரு வேலை: நாலாம் வகுப்புக் கணக்குத் தாள்களில் கூட்டலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டல் மட்டும்தான், மார்க்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கணக்கு சார் பையன்களின் தாள்களைத் தனிக் கட்டாகவும் பெண்களின் தாள்களைத் தனிக் கட்டாகவும் கட்டித் தருவார். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்த்ததில்லை.

அன்று மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்து தரையெல்லாம் பரவின. பொறுக்கி அடுக்கும்போது இரண்டு தாள்கள் அடுத்தடுத்து வந்தன. ஏழாவது கணக்கு: ஒரு பெட்டியில் பதினாலு சோப்பு, பன்னிரண்டு பெட்டியில் எத்தனை? இரண்டிலும் பெருக்கிய தடமே இல்லை. வெறும் 168.

பையனின் தாளில் ஐந்துக்கு ஐந்து. ஓரத்தில் 'மனக்கணக்கு, சபாஷ்'. பெண்ணின் தாளில் இரண்டு, 'வழிமுறை எங்கே? பார்த்து எழுதாதே'.

மொத்தம் பையனுக்கு 91, பெண்ணுக்கு 90. கணக்கில் முந்தி நிற்பவர்களுக்கென்று தனியாக நடக்கும் மேல்கணக்கு வகுப்புக்கு ஆறு பேரைத்தான் எடுப்பார்கள். மதிப்பெண் பட்டியலில் பையன் ஆறாவது. அவள் ஏழாவது.

பென்சில் டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள். கணக்கு சாரும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரி சார். மார்க்தான் தப்பு."

சார் தாள்களைப் பார்த்தார். முகம் மாறவில்லை. "அந்தப் பையன் துறுதுறுன்னு இருப்பான், தலைக்குள்ளயே போட்டுடுவான். அந்தப் பொண்ணு வாயே திறக்காது. பக்கத்துல பார்த்திருக்கும்."

"பார்த்துச்சா?"

"பார்த்திருக்கும்னுதானே சொல்றேன்."

"பக்கத்து நம்பர் தாளையும் பார்த்துட்டுத்தான் வந்தேன் சார். அந்தப் பொண்ணு 148ன்னு எழுதியிருக்கா. தப்பைப் பார்த்துச் சரியா எழுத முடியுமா?"

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்தது, டீயில் மறைத்துக்கொண்டார்.

"பொண்ணுங்களுக்குக் கையெழுத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு அள்ளிக் குடுக்கிறேனே. பசங்களுக்கு அதுல ரெண்டுதான். ஈடாயிடுது, விடுங்க," என்றார் சார்.

"அப்ப பசங்களுக்கு அழகா எழுத வராது, பொண்ணுங்களுக்கு யோசிக்க வராது. தாளைத் திறக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் எதுக்கு சார் பரீட்சை?"

சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். "சரிம்மா, சண்டை வேணாம். பையனுக்கும் ரெண்டே போட்டுடறேன்."

"அவன் என்ன சார் பாவம் பண்ணான்? ரெண்டு பேரும் மனசுல போட்டவங்க. ரெண்டு பேருக்கும் அஞ்சு."

"அப்ப இவ உள்ள வந்துடுவா, அவன் வெளிய போயிடுவான்," என்றார் தலைமையாசிரியை. "அவங்க அப்பா நாளைக்கு என் மேஜை முன்னாடி நிப்பார். அந்த ரூம்ல ஆறு டெஸ்க்தான் இருக்கு டீச்சர்."

"தப்பு நம்மளது. ஏழாவது டெஸ்க்கை என் வகுப்புலேருந்து நானே தூக்கிட்டு வரேன்."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "சரி, ஏழு பேர். சார், மாத்துங்க."

சார் இரண்டை அடித்து ஐந்தாக்கினார். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தியது. மதிப்பெண் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். "இப்பவாவது கையெழுத்துப் போடுங்க."

பென்சில் டீச்சர் போடவில்லை. போய் இரண்டு கட்டுகளையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"மணி அஞ்சாகுது," என்றார் சார்.

"ஆகட்டும் சார். இது காத்து எடுத்துக் குடுத்த ஒரு தாள். இன்னும் இருபத்தோரு பொண்ணுங்க தாள் இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு, பையன்களின் கட்டிலிருந்து ஒன்று, பெண்களின் கட்டிலிருந்து ஒன்று என்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள்.