மச்சான் வேண்டாமென்ற பெண்

என் அக்கா வீட்டுக்காரர் குளிர்பதனக் கிடங்கில் தலைமை மெக்கானிக். நானும் அங்கேதான் குமாஸ்தா. மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்து ஓடுவார். கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் இன்னொரு கெட்டிக்காரரைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

உதவிக்கு ஆள் எடுக்கும்போது ஒரு பரீட்சை வைப்பார். ஓடுகிற மெஷினில் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைக்கச் சொல்வார். "என்ன கோளாறு, சொல்லு." வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். மச்சானுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். அரை நிமிஷம் கேட்டாள். "மெஷின்ல ஒண்ணுமில்ல சார். அடியில ஒரு போல்ட் லூஸா இருக்கு." அவளே ஸ்பானரை எடுத்து முடுக்கினாள். மூன்று வாரமாக மச்சானைப் பாடாய்ப் படுத்திய சத்தம் நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் போனதும், "அவசர புத்தி, வேண்டாம்னு விண்ணப்பத்துல எழுது மாப்ள" என்றார்.

"அவதான் மச்சான் சரியான ஆளு."

"ஆறே மாசத்துல என் நாற்காலியில உக்காந்துருவா. அப்புறம் உன் அக்காவ நீ காப்பாத்துவியா?"

எழுதித் தொலைத்தேன். "சரிங்கய்யா" தவிர வேறு பேச்சு தெரியாத இரண்டு பேரை எடுத்தார். பெரிய சரிங்கய்யா, சின்ன சரிங்கய்யா என்று பேர் வைத்துச் சிரித்தோம்.

மறுவருஷம் அக்காவுக்கு இதய ஆபரேஷன். "நீங்க பக்கத்துல இருந்தா போதும், எனக்கு பயமில்ல" என்றாள். "எங்கயும் போகமாட்டேன்" என்று மச்சான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது போன் வந்தது. மெஷின் நின்றுவிட்டதாம். கிடங்கு நிறைய மருந்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்திக் கத்திச் சொல்லிப் பார்த்தார். அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் ஏறவில்லை. "இதோ வந்துடறேன்" என்று ஓடினார்.

அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "அவர் வந்துட்டாராடா?"

"வாசல்ல நிக்கிறாருக்கா" என்று பொய் சொன்னேன். தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள். அப்புறம் அவள் கண் விழிக்கவேயில்லை.

மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சானின் போன் அடித்தது. "சிவப்பு இல்ல, பச்சை பட்டன். பச்சைய அமுக்கு" என்றார். "சரிங்கய்யா" என்றது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணோட விண்ணப்பம் இருக்கா மாப்ள?"

இப்போது எதுக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அதில் 'வேண்டாம்' என்று எழுதியிருப்பது, பாவி, நான்தானே.