கம்பவுண்டர் செட்டில் நான் மாட்டிய ஒயர்

பிஸ்கட் பாக்கெட் அளவில் ஒரு பெட்டி, அதன் முகத்தில் சிவப்பாக எரியும் எட்டு எண்கள், பின்பக்கத்திலிருந்து தொங்கும் ஒரு முழ ஒயர், நுனியில் இரண்டு முதலைக் கிளிப்புகள். என் ஹாம் ரேடியோ செட்டுக்குப் பக்கத்தில் இந்த மீட்டர் இன்றும் இருக்கிறது. ஒரு செட் எந்த அலைவெண்ணில் பேசுகிறது என்பதை வெளியிலிருந்து எண்ணிச் சொல்லும் கருவி. ஆசையாகத்தான் வரவழைத்தேன், ஆனால் என் செட்டுக்காக இல்லை. கம்பவுண்டரைப் பிடிப்பதற்காக.

கம்பவுண்டர் தலைச்சோலைப் பக்கம் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இரண்டு பேரிடமும் ரேடியோ லைசென்ஸ் உண்டு. காலை ஏழு மணிக்கு மலையிலும் அடிவாரத்திலுமாக எட்டுப் பேர் ஒரே அலைவெண்ணில் கூடுவோம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசவைப்பது என் பொறுப்பு. மூட்டமா வெயிலா, காப்பி பழுத்ததா, குப்பனூர் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதா, இவ்வளவுதான் பேச்சு. கம்பவுண்டருக்கு மட்டும் அதில் வேறொரு காரியம் இருந்தது. குப்பனூரில் இருந்த அவருடைய தம்பியும் எங்கள் எட்டுப் பேரில் ஒருவர். அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டத்தைப் பிரித்ததில் சண்டை வந்து, ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. போன் கிடையாது, நல்லது கெட்டதுக்கும் போக்குவரத்து கிடையாது. ரேடியோவில் மட்டும் பேசுவார்கள். "உங்க சிக்னல் நல்லா வருதுங்க" என்பார் அண்ணன். "உங்களுதும் நல்லா வருதுங்க" என்பார் தம்பி. சொந்தத் தம்பிக்கே 'ங்க' போடுகிறாரே என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். அந்த ஒரு வரிக்காகத்தான் கம்பவுண்டர் ஆறு மணிக்கே குளித்துவிட்டு செட் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் அலைவெண்ணில் ஒரு விசில் வரத் தொடங்கியது. நான் பேச உட்கார்ந்தால் வரும், எழுந்துபோனால் நின்றுவிடும். மற்றவர்களைக் கேட்டேன், தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. கம்பவுண்டர் கையால் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்கள், காட்டிக்கொடுப்பார்களா? நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. "உங்குளுக்கு சாமியே நேர்ல வந்தாலும் ரேஷன் கார்டு கேப்பீங்க" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். கம்பவுண்டர் தன் செட்டைத் தானே ஈயம் பற்றவைத்துச் செய்தவர். வேண்டுமென்றே அலைவெண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளி அலையை விட்டு, என் செட்டில் அது விசிலாகக் கேட்கும்படி செய்ய அவரால்தான் முடியும். அதற்கு முந்தின மாதம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தபோது நேரமாகிறது என்று நான் குறுக்கே வெட்டியிருந்தேன். அவர் அதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தைக் காட்டாதவன் அதை எங்கேயாவது வைத்திருப்பான் என்பது என் கணக்கு.

மீட்டர் வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். உங்கள் செட்டைச் சும்மா பார்க்கலாம் என்று வந்தேன் என்று பொய் சொன்னேன். கடுங்காப்பி கொடுத்து, மூடியைத் திறந்து காட்டினார். அலையைப் பிறப்பிக்கும் பகுதி ஒரு சின்ன சுருளும் மின்தேக்கியுமாக உள்ளே இருந்தது. மீட்டரோடு வந்த தாளில் ஒயரை அதன்மேல் நேராக மாட்டாதே, பக்கத்தில் வளையமாக வைத்தால் போதும் என்று போட்டிருந்தது. அதையெல்லாம் படிக்கிற நிலையில் நான் இல்லை. கிளிப்பை நேராகச் சுருளிலேயே கவ்வவைத்தேன். டயலில் எங்கள் அலைவெண்ணுக்கு அவர் போட்டிருந்த பென்சில் கோட்டில்தான் முள் நின்றது. மீட்டரோ மூன்று கிலோஹெர்ட்ஸ் கீழே காட்டியது. அகப்பட்டார் என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

கம்பவுண்டர் குனிந்து எண்களைப் பார்த்தார். "ரைட்டருங்க, அந்த ஒயரப் புடுங்கிட்டு, உங்க ஊட்டுல போயி என்ற செட்டக் கேட்டுப் பாருங்க" என்றார். திருடன் விளக்கை அணைக்கச் சொல்வது போல இருந்தது எனக்கு. அளக்கிற ஒயரைப் பிடுங்கச் சொன்னால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

மறுநாள் ஏழு மணிக்கு, தம்பி உட்பட எல்லோரும் கேட்க, கம்பவுண்டர் செட் சரியில்லை, சரிசெய்கிற வரைக்கும் அவர் வரவேண்டாம் என்று அறிவித்தேன். "சரிங்க ரைட்டருங்க" என்றார். அதோடு அவர் குரல் நின்றது. முதல் இரண்டு நாள் தம்பி, "அண்ணன் வரலீங்களா" என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை. அப்புறம் அவரும் வரவில்லை.

விசில் மட்டும் தினமும் வந்தது. அவர்தான் வீம்புக்கு அடிக்கிறார் என்றே நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கரண்ட் போனது. பேட்டரியில் செட்டைப் போட்டேன், விசிலைக் காணோம். கரண்ட் வந்ததும் திரும்ப வந்தது. பேச உட்காரும்போதெல்லாம் செட்டுக்குப் பக்கத்தில் நான் செருகுகிற மலிவு போன் சார்ஜர்தான் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அன்று மீட்டர் காட்டியது என்ன? என் பழைய செட் ஒன்றின் மூடியைத் திறந்து, கிளிப்பை அதேபோல மாட்டினேன். எண்கள் கீழே இறங்கின. பக்கத்திலிருந்த இன்னொரு செட்டில் அதன் ஒலியைக் கேட்டபடி கிளிப்பை எடுத்தேன். ஒலி தன் பழைய இடத்துக்கே போனது. நான் மாட்டிய ஒயரின் மின்சுமைதான் அலைவெண்ணைக் கீழே இழுத்திருந்தது. கம்பவுண்டரின் செட்டைக் கெடுத்து, கெட்டிருக்கிறது என்று ஊருக்குச் சொன்னவன் நான்.

அன்றே போனேன். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார். "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. எந்தம்பி கேட்டுட்டு இருக்கறப்பச் சொல்லிப்புட்டீங்க, அது ஒண்ணுதானுங்க."

மறுநாள் சார்ஜர் கதை, ஒயர் கதை எல்லாவற்றையும் ரேடியோவில் ஒப்புக்கொண்டேன். கம்பவுண்டர் வந்தார், தம்பியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம், உடம்பு முடியாமல் படுக்கிற வரைக்கும், தினமும் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பார். நேரமாகிறது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அவர் சாவுக்குத் தம்பி வந்தார். எல்லாம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவராகவே என்னிடம் வந்தார். "நெதமும் கேட்டுட்டுத்தான் இருந்தனுங்க. அண்ணன் கூப்புடும். நானும் பேசற பட்டன அமுக்கப் போவேன், அமுக்காம உட்டுருவேன். ஒயரு மாட்டுனா அலை மாறும்னு நீங்க சொன்னத நான் நம்பலீங்க. அண்ணனே எம்மேல கோவத்துல பேச்ச நிறுத்திப்போட்டு, அப்புறம் அத மறைக்க உங்கள உட்டு அப்புடிச் சொல்ல வெக்குதுன்னு நெனச்சுப்புட்டன்." இத்தனை சந்தேகம் எதற்கு என்று அவரைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மீட்டரை எடுத்துக்கொண்டு குப்பனூருக்குப் போய், அவர் செட்டிலேயே ஒயரை மாட்டியும் கழற்றியும் காட்டினேன். எண்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போதும் ஏழு மணிக்குக் கூடுகிறோம். தம்பி தவறாமல் வருகிறார். மீட்டரின் கிளிப்புகள் எதையும் கவ்வுவதில்லை. ஒயரை வளையமாகச் சுற்றி செட்டுக்கு அருகில் வைத்திருக்கிறேன். தொடாமலே எண்கள் சரியாக வருகின்றன. பட்டியலில் கம்பவுண்டர் பெயரை நான் அடிக்கவில்லை. அவர் முறை வந்ததும் கூப்பிடுகிறேன். தம்பியும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. ஒரு நிமிடம் கழித்து அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.